மிஷின் மிதித்த காலையும் நினைவுரையில் எழுதுங்கள்

கேள்வி: என் மனைவி கடந்த ஜூலையில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். வயது 57. ஆற்காட்டுக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். 1996 முதல் காட்பாடியில் சின்னதாக ஒரு லேடீஸ் தையல் கடை நடத்தினார். கூட இரண்டு பெண்கள் வேலை செய்தார்கள். பிளவுஸ், சுடிதார், நர்ஸிங் மாணவிகளுக்குச் சீருடை, சர்ச் பாடகர் குழுவுக்கு அங்கி எல்லாம் தைப்பார். மகளின் படிப்புச் செலவு முழுக்க அந்தக் கடையிலிருந்துதான் போனது. ஞாயிற்றுக்கிழமை ஷட்டர் திறந்ததே கிடையாது. டிசம்பர் 10-க்கு மேல் யார் கொடுத்தாலும் துணி வாங்கமாட்டார். "சொன்ன தேதிக்குக் குடுக்க முடியலன்னா வாங்கவே கூடாது" என்பார். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பொருளாளராக இருந்தார். வரும் ஜனவரியில் அவர் பிறந்தநாளன்று நினைவு ஆராதனை வைக்க ஆயர் ஒப்புக்கொண்டு, வாழ்க்கைக் குறிப்பு எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். மகன் எழுதியதை இணைத்திருக்கிறேன். படித்தால் யாரோ ஒருவரைப் பற்றி எழுதியதுபோல இருக்கிறது. ஒரு நினைவு மலரும் கல்லறைக் கல்லும் செய்ய ஆசை. கடை பூட்டியே கிடக்கிறது. உள்ளே வாடிக்கையாளர் துணிகள் இருக்கின்றன. மிஷின்களை விற்றுவிடலாம் என்கிறான் மகன். எனக்கு மனசு வரவில்லை. என்ன செய்யட்டும்?

– வேலூர் வாசகர்

பதில்: ஐயா, மகன் எழுதிய பக்கத்தைப் படித்தேன். அன்பான மனைவி, பாசமிகு தாய், ஜெப வீராங்கனை, ஏழைகளுக்கு இரங்கியவர் என்று போகிறது. ஒன்றும் பொய்யில்லை. ஆனால் இருபத்தொன்பது வருடம் மிஷின் மிதித்தவரைப் பற்றிய பக்கத்தில் தையல் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது: "தையல் தொழில் செய்து கணவருக்கு உறுதுணையாக இருந்தார்." உங்களுக்கு யாரோ ஒருவரைப் போலத் தெரிவதற்குக் காரணம் இந்த வரிதான். அது உங்கள் கடை, அவர் ஒத்தாசைக்கு வந்தார் என்பதுபோல இருக்கிறது. கடை அவருடையது. அளவெடுத்தது, துணி வெட்டியது, வாடகை கட்டியது, இரண்டு பெண்களுக்குச் சம்பளம் கொடுத்தது எல்லாம் அவர். வாழ்க்கைக் குறிப்பில் பாதி இடம் கடைக்குப் போகட்டும்.

ஆராதனையில் வியாபாரத்தைப் பேசலாமா என்று சில வீடுகளில் தயங்குவார்கள். வேதாகமத்தில் குணசாலியான ஸ்திரீயைப் பற்றிச் சொல்லும் நீதிமொழிகள் 31-ஐ எடுத்துப் பாருங்கள். பெண்களின் அடக்க ஆராதனையில் பெரும்பாலும் 10-ஆம் வசனத்தை வாசித்துவிட்டு நேராக 30-க்குத் தாவிவிடுவார்கள். நடுவில் என்ன இருக்கிறது? வயலை விசாரித்து வாங்குகிறாள் (16), தன் வியாபாரம் பிரயோஜனமுள்ளது என்று அறிந்திருக்கிறாள், இரவிலும் அவள் விளக்கு அணைவதில்லை (18), துணி நெய்து விற்கிறாள் (24). டிசம்பர் மாத ராத்திரியில் அவர் கடையில் எரிந்த டியூப்லைட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வசனம் கிடைக்காது. அப்போஸ்தலர் 9-லும் ஒரு பகுதி இருக்கிறது. யோப்பாவில் தொற்காள் இறந்தபோது விதவைகள் பேதுருவைச் சூழ்ந்து அழுதுகொண்டே, அவள் தைத்துக் கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் எடுத்துக் காட்டினார்கள். அவளுடைய குணத்தைப் பற்றி அவர்கள் பேசியதாக அங்கே எதுவும் இல்லை, துணியைத்தான் காட்டினார்கள். இந்த இரண்டில் ஒன்றை முழுப் பகுதியாக வாசிக்கலாமா என்று ஆயரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். வாசிப்பவர் யார் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

இனி நீளம். தமிழை நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்குத் தொண்ணூறிலிருந்து நூறு சொல் வரும். ஆராதனைக்குள் வாழ்க்கைக் குறிப்புக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் கேட்காதீர்கள். ஆக, 450 சொல். வாசிப்பவர் கையில் இருக்கும் பிரதியை 16 பாயிண்ட் எழுத்தில், வரிக்கு வரி இடைவெளி விட்டு, தாளின் ஒரு பக்கம் மட்டும் அச்சிடுங்கள். இன்னொரு பிரதி முன்வரிசையில் வேறொருவரிடம் இருக்கட்டும். மகனோ மகளோ வாசிக்கும்போது தொண்டை அடைத்தால் அவர் எழுந்து தொடர்வார்.

முதல் பத்தி தகவல்: முழுப்பெயர், பிறந்த தேதி, ஊர், பெற்றோர், ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருமணம் நடந்த ஆலயம், பிள்ளைகள். அறுபது சொல்லுக்குள் முடியுங்கள். இந்தப் பக்கத்துப் பழைய கிறிஸ்தவக் குடும்பங்களில் குறிப்பை அமெரிக்க மிஷனரிகள் 1853-இல் தொடங்கிய ஆற்காடு மிஷனிலிருந்து ஆரம்பித்து, தாத்தாவின் தாத்தா வரை இழுப்பது வழக்கம். உங்கள் மகனும் அதற்கு ஒரு பெரிய பத்தி கொடுத்திருக்கிறார். ஒரு வாக்கியம் போதும். மீதியை மலரில் போட்டுக்கொள்ளலாம்.

இந்தத் தகவலில்தான் பிழை அதிகம் நுழைகிறது. பள்ளிச் சான்றிதழில் ஒரு பிறந்த தேதி, ஞானஸ்நானப் பதிவேட்டில் இன்னொன்று என்பது அந்தத் தலைமுறையில் சகஜம். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் ஜூன் மாதத்தில் ஏதோ ஒரு தேதியைப் போட்டிருப்பார். அவர் ஞானஸ்நானம் பெற்ற சபையில் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எந்தத் தேதியை ஏற்கிறீர்களோ, அதுவே வாழ்க்கைக் குறிப்பிலும் மலரிலும் கல்லிலும் வரவேண்டும். ஜனவரியில் பிறந்தநாள் என்று ஆராதனை வைத்துவிட்டு, கல்லில் ஜூன் என்று செதுக்கினால் ஊர் கேட்கும். மாவட்டப் பெயரிலும் கவனம் வேண்டும். அவர் பிறந்தபோது அது வட ஆற்காடு மாவட்டம். 1989-இல் அது இரண்டானது, அதில் ஒன்று பின்னாளில் வேலூர் மாவட்டம் ஆனது. 2019-இல் வேலூர் மறுபடி மூன்றாகப் பிரிந்தபின் ஆற்காடு ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போய்விட்டது. "அன்றைய வட ஆற்காடு மாவட்டம், ஆற்காட்டுக்கு அருகே" என்று எழுதினால் சரியாக இருக்கும், பெரியவர்களுக்கும் பழகிய பெயர்.

அடுத்து நடுப்பகுதி. பண்பைச் சொல்லும் சொற்களை எல்லாம் பென்சிலால் வட்டமிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "அதற்கு என்ன செய்தார்?" என்று கேட்டு, செய்ததை மட்டும் எழுதுங்கள். "நேர்மையானவர்" என்பதற்கு விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. இப்படி எழுதலாம்:

"டிசம்பர் 10-ஆம் தேதிக்கு மேல் அவர் துணி வாங்கமாட்டார். சொந்தக்காரர் கேட்டாலும் இல்லைதான். சொன்ன தேதிக்குக் குடுக்க முடியலன்னா வாங்கவே கூடாது என்பார்."

இதைக் கேட்டதும் ஆலயத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்களில் பாதிப்பேர் சிரிப்பார்கள், ஏனென்றால் 11-ஆம் தேதி போய்த் திரும்பியவர்கள் அவர்களில் இருப்பார்கள். சிரிக்கட்டும், தப்பில்லை. "ஜெப வீராங்கனை" என்பதை எடுத்துவிட்டு, எத்தனை மணிக்கு எழுந்தார், எந்த இடத்தில் உட்கார்ந்து ஜெபித்தார், யார் பெயரைச் சொல்லி ஜெபித்தார் என்று எழுதுங்கள். ஞாயிறு ஷட்டர் திறக்காதது ஒரு வரியிலேயே பக்தியைச் சொல்லிவிடும். சங்கப் பொருளாளர் என்பதற்கு, கணக்கு நோட்டை எப்படி வைத்திருந்தார் என்று செயலாளர் அம்மாவிடம் கேளுங்கள்.

கேட்கவேண்டியவர்கள் வீட்டுக்கு வெளியேதான் இருக்கிறார்கள். கடையில் வேலை செய்த இரண்டு பெண்கள், நூலும் லைனிங்கும் கொடுத்த கடைக்காரர், பக்கத்து டீக்கடை, பழைய வாடிக்கையாளர் நாலைந்து பேர். "அம்மாவைப் பற்றிச் சொல்லுங்க" என்று கேட்டால் எல்லோரும் "தங்கமான மனுஷி" என்பார்கள், அதை வைத்து ஒன்றும் எழுத முடியாது. "கடைசியா அவங்ககிட்ட என்ன தைக்கக் கொடுத்தீங்க? எதுல கண்டிப்பா இருப்பாங்க? எப்பவாவது உங்களைத் திட்டியிருக்காங்களா?" என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குத்தான் நல்ல விடைகள் வரும். போனில் பதிவு செய்கிறேன் என்று சொல்லி, அனுமதி வாங்கி, திரை கீழே பார்க்க மேசையில் வைத்துவிடுங்கள். அவர்கள் சொன்ன வாக்கியத்தைத் திருத்தி இலக்கியமாக்க வேண்டாம். பேச்சு வழக்கிலேயே மேற்கோளாகப் போடுங்கள்.

விடவேண்டியவையும் உண்டு. காசு வாங்காமல் யாருடைய கல்யாணத்துக்கோ தைத்துக் கொடுத்திருந்தால் அதைச் சொல்லுங்கள், அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லாதீர்கள். யார் பாக்கி வைத்தார்கள் என்பதும் வேண்டாம். நோயைப் பற்றி இரண்டு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம். வேலூரில் இது எல்லோரும் சறுக்கும் இடம்: எந்த வார்டு, எந்த டாக்டர், என்ன ஸ்கேன் என்று கடைசி மூன்று மாதம் பாதிப் பக்கத்தைத் தின்றுவிடும், இருபத்தொன்பது வருடத்துக்கு இடம் இருக்காது.

நினைவு மலர்: ஏ4 தாளை மடித்தால் நான்கு பக்கம். ஆகவே பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காகத்தான் இருக்கமுடியும். உங்களுக்கு 12 பக்கம், அதாவது மூன்று தாள் போதும். தாளின் கனத்தை ஜிஎஸ்எம் கணக்கில் சொல்வார்கள்: உள்தாள் 100 ஜிஎஸ்எம், அட்டை 250 ஜிஎஸ்எம். ஆளுக்கு ஒன்று என்று கணக்கிடாமல் வீட்டுக்கு ஒன்று என்று கணக்கிடுங்கள். இருநூறு பிரதி என்றால் டிஜிட்டல் பிரிண்ட். ஐந்நூறைத் தாண்டினால் ஆப்செட் கட்டுப்படியாகும்.

படங்களை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கி அச்சில் மங்கும். "டாக்குமென்ட்" என்று தேர்ந்து அனுப்புங்கள். பழைய கல்யாண போட்டோவை போனில் பிளாஷ் போட்டு எடுத்தால் நடுவில் வெள்ளைத் திட்டு விழும். கடையில் கொடுத்து 600 டிபிஐயில் (படத்தின் நுணுக்கத்தைச் சொல்லும் அளவு) ஸ்கேன் செய்யுங்கள். 4க்கு 6 அங்குலப் படம் இருமடங்கு பெரிதாக அச்சிட்டாலும் கலங்காது. ஸ்டூடியோ படம் அட்டைக்கு இருக்கட்டும். உள்ளே மிஷின் முன் உட்கார்ந்த படம் ஒன்று கட்டாயம் வேண்டும். வீட்டில் இல்லையென்றால் அந்த இரண்டு பெண்களின் போனில் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

அளவு நோட்டைப் பற்றி எச்சரிக்கை. அவர் கையெழுத்தில் இருக்கும் அந்த நோட்டின் ஒரு பக்கத்தை மலரில் போட எல்லோருக்கும் ஆசை வரும், அழகாகவும் இருக்கும். ஆனால் அதில் இருப்பது இன்னொரு பெண்ணின் பெயரும் உடம்பளவும். பெயரும் போன் நம்பரும் மறைந்தபிறகே அச்சுக்குப் போகவேண்டும். பென்சிலால் எழுதியிருந்தால் நாளாக ஆகத் தேய்ந்துவிடும். எல்லாப் பக்கத்தையும் இப்போதே படமெடுத்து, குடும்பத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

அச்சகத்தில் பிழை வருவது எழுத்துருவில். நீங்கள் போனில் அடிப்பது யூனிகோட். பல அச்சகங்களில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் பக்கம் கட்டுகிறார்கள். மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், "ஸ்தோத்திரம்", "கிறிஸ்து" போன்றவை சிதையும். புரூப்பை போனில் பார்த்து "ஓகே" சொல்லாதீர்கள். தாளில் வாங்கி, ஒருவர் மூலப்பிரதியை உரக்க வாசிக்க இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். பெயர், தேதி, வசன எண் இந்த மூன்றையும் தனியாக ஒருமுறை பாருங்கள். வசனத்தை உங்கள் ஆலயத்தில் வாசிக்கும் வேதாகமத்திலிருந்தே எடுங்கள். இணையத்தில் கிடைப்பது வேறு மொழிபெயர்ப்பாக இருந்தால் பெரியவர்கள் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் காலண்டர் வேலையில் அச்சகங்கள் மூச்சுவிடாது. டிசம்பர் முதல் வாரத்துக்குள் கொடுத்துவிடுங்கள்.

வாடிக்கையாளர்களில் இந்துக்களும் முஸ்லிம்களும் நிறையப்பேர் இருப்பார்கள். அவர்களை ஆராதனை முடிந்தபின் சாப்பாட்டுக்கு முன்னால் சபைக் கூடத்தில் பேசச் சொல்லுங்கள், ஆளுக்கு இரண்டு நிமிடம், நாலு பேர். பிரியாணி போடுவதாக இருந்தால் சைவத்துக்குத் தனிப் பந்தி. ஹலால் கறி என்பதை அழைக்கும்போதே சொல்லிவிட்டால் யாரும் தயங்கமாட்டார்கள்.

கல்லறைக் கல்லுக்கு ஜனவரியைக் குறிவைக்காதீர்கள். ஜூலையில் தோண்டிய மண் இந்த வடகிழக்குப் பருவமழையில் நன்றாக இறங்கும். இறங்குவதற்கு முன் செங்கல் மேடை கட்டினால் ஒரு பக்கம் சாய்ந்து விரிசல் விடும். மழை முடிந்து, பள்ளத்தை மண்போட்டு நிரப்பி, பிப்ரவரி மார்ச்சில் வேலையைத் தொடங்குங்கள். அதற்குமுன் சபை கமிட்டியிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். சில கல்லறைத் தோட்டங்களில் உயரத்துக்கும் அகலத்துக்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள். இரண்டடிக்கு ஒன்றரை அடி கறுப்பு கிரானைட்டில் ஓர் அங்குல உயர எழுத்து என்றால் ஒன்பது வரி, வரிக்குப் பதினைந்து பதினாறு எழுத்துதான் அடங்கும். அதற்குமேல் கொடுத்தால் எழுத்தைச் சிறிதாக்கிவிடுவார்கள், பத்தடி தள்ளி நின்றால் தெரியாது. நீளமான வசனத்தை விட்டு வசன எண்ணை மட்டும் போடுங்கள். செதுக்குபவருக்கு வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பாமல், கல் அளவிலேயே தாளில் அச்சிட்டுக் கொடுங்கள். புள்ளி விடுபடுவதும் ற, ர மாறுவதும் அங்கேதான் நடக்கும். கிரானைட்டில் அதற்குத் திருத்தம் கிடையாது, புதுக் கல்தான். பெயருக்குக் கீழே "தையற்கலைஞர்" என்று ஒரு வரி சேருங்கள். ஆண்கள் கல்லில் ஆசிரியர், ரயில்வே என்று வேலை இருக்கிறது. பெண்கள் கல்லில் இன்னாரின் மனைவி என்பதோடு நின்றுவிடுகிறது, இங்கே அது பொருந்தாது.

கடை விஷயத்துக்கு ஆராதனைவரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே திறங்கள். தனியாகப் போகாதீர்கள், வேலை செய்த பெண்களில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். துணிமூட்டையில் குத்தியிருக்கும் சீட்டு நம்பரும் பில் புத்தகமும் அவருக்குத்தான் புரியும். மூன்று குவியலாகப் பிரியுங்கள். தைத்து முடித்தது: போன் செய்து கொடுத்துவிடுங்கள். வெட்டாத துணி: வாங்கிய அட்வான்ஸோடு திருப்பிக் கொடுங்கள். வெட்டித் தைக்காதது: இதைத் துணியாகத் திருப்பித் தர முடியாது. அளவு நோட்டை வைத்து அந்தப் பெண் தைத்து முடிக்கட்டும், கூலியை நீங்கள் கொடுங்கள். சொன்ன தேதி தவறாமல் கொடுத்தவரின் கடையில் துணி நின்றுவிட்டது என்ற பேச்சு வரக்கூடாது.

மிஷினை விற்பதா வைப்பதா என்பதற்கு முன் அது யாருடையது என்று பார்க்கவேண்டும். உயில் இல்லையென்றால் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-இன்படி கிறிஸ்தவ மனைவியின் சொத்தில் கணவருக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக. திருமணமான மகளுக்கும் மகனுக்கும் ஒரே அளவுதான். மிஷின், கடை அட்வான்ஸ், வங்கிப் பணம் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. வங்கியில் நாமினியாக யார் பெயர் இருந்தாலும் அவர் பணத்தை வாங்கி வாரிசுகளுக்குப் பகிரவேண்டியவர். இ-சேவை மையம் வழியாகத் தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். மிஷினை யாருக்குக் கொடுத்தாலும் மூவரும் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் இருக்கட்டும். இன்று யாரும் கேட்கமாட்டார்கள், பத்து வருடம் கழித்துக் கேட்பார்கள்.

என்னைக் கேட்டால், அந்த இரண்டு பெண்களுக்கும் ஆளுக்கு ஒரு மிஷின் கொடுங்கள். நினைவு உதவித்தொகை என்று ஒரு லட்சத்தை வைப்புநிதியில் போட்டாலும், ஆறு சதவீத வட்டிக்கு வருடம் ஆறாயிரம்தான் வரும். கையிலிருக்கும் மிஷின் நாளைக் காலையிலிருந்தே ஒரு வீட்டுக்குச் சோறு போடும். அவர் உட்கார்ந்த மிஷினை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்வதானால், சும்மா மூடிவைக்காதீர்கள். பழைய எண்ணெய் கெட்டியாகி இறுகிவிடும். நூலைக் கழற்றி, பிரஷர் ஃபுட்டைத் தூக்கிவிட்டு, எண்ணெய்த் துளைகளில் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு இரண்டு நிமிடம் மிதியுங்கள். வழியும் அழுக்கைத் துடைத்தபின் ஒரு சொட்டு மிஷின் ஆயில். தேங்காயெண்ணெய் வேண்டவே வேண்டாம், பிசுக்காகி இறுக்கிக்கொள்ளும். பாபின் கேஸில் அடைந்த பஞ்சைப் பிரஷ்ஷால் எடுங்கள். மாதம் ஒருமுறை ஐந்து நிமிடம் மிதித்தால் தோல் பெல்ட்டும் காய்ந்து வெடிக்காது. பெரிய கத்தரிக்கோலுக்கும் அதே ஆயிலைத் துணியில் தொட்டுத் தடவிவையுங்கள்.

கடையைத் திறக்கும் அன்றே கல்லாப்பெட்டியில் ஒட்டியிருக்கும் கியூஆர் ஸ்டிக்கரைக் கிழித்துவிடுங்கள். பாக்கி கொடுக்க வருபவர்கள் பழக்கத்தில் அதில் போட்டுவிட்டால், பணம் அவர் கணக்கில் போய் மாட்டிக்கொள்ளும், வங்கி வேலை முடியும்வரை எடுக்கமுடியாது.